தெகல்தொருவையிலிருந்து காலிமுகத்திடல் வரை

 

இன்று நம்மை இங்கே கூட்டியிருக்கும் அறக்கட்டளை யார் நினைவாக அமைந்ததோ அவர் நம் மடவளை பஸாரில் துணிக்கடை வைத்திருந்தவர். பெயரைச் சொல்ல வேண்டாம் என்பது அவருடைய பிள்ளைகளின் விருப்பம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். துணி சுற்றி வரும் மட்டை, பெட்டிகளுக்குள் வரும் வெள்ளைத் தாள் எதையும் அவர் குப்பையில் போட்டதில்லை. அடுக்கிக் கட்டி, மாதம் ஒருமுறை எங்கள் பாடசாலைக்கு அனுப்பிவிடுவார். சித்திரக் கொப்பி வாங்க வழியில்லாத பிள்ளைகள் பல வருடங்கள் அந்தத் தாளில்தான் வரைந்தார்கள். அவர் பெயரால் பேசும்போது ஓவியத்தைத் தவிர வேறொன்றைப் பேச எனக்கு மனம் வரவில்லை.

கொழும்பின் ஓவியக்கூடங்களையும், தெருவிலும் திடலிலும் எல்லோர் கண்ணுக்கும் எதிரே நிற்கும் பொதுவெளிக் கலையையும் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னபோது நண்பர் ஒருவர் கேட்டார்: "மடவளையில் இருந்துகொண்டு கடற்கரைப் பட்டணத்துப் படங்களைப் பற்றி என்ன கதை?" நல்ல கேள்வி. என்னுடைய முழுப் பேச்சும் அதற்கான பதில்தான்.

கொழும்புக்கு நாம் போகாத கிழமை இல்லை. துணி எடுக்க, சாமான் ஏற்ற, கடவுச்சீட்டுக்கு, பெரியாஸ்பத்திரிக்கு, விமானம் ஏற. புறக்கோட்டையின் கெய்சர் வீதியில் எந்தக் கடையில் எது மலிவு என்று நம் ஊர்ச் சின்னப் பையனுக்கும் தெரியும். அங்கிருந்து அரைமணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் நாட்டின் மிகச் சிறந்த ஓவியங்கள் தொங்குகின்றன. அந்தப் பக்கம் நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? நானே ஆசிரியர் கலாசாலையில் சேர்ந்த பிறகுதான் முதன்முதலாகப் போனேன். அதுவரை கொழும்பு என்றால் எனக்கு வாப்பாவின் கையைப் பிடித்தபடி நாட்டாமைகளின் வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்த ஊர்.

நண்பருடைய கேள்விக்கு வருகிறேன். கொழும்பில் நாம் பார்க்க வேண்டிய ஓவியங்களில் பலவும் இங்கிருந்து போனவை. இந்த மலையடிவாரத்திலிருந்து, இந்தப் பாதையிலிருந்து.

மடவளையிலிருந்து குன்னேபான பக்கமாகச் சில கிலோமீற்றர் போனால் தெகல்தொருவை. பெரும் பாறையொன்றைக் குடைந்து அமைத்த விகாரை. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்க மன்னன் காலத்தில் தொடங்கி, அவன் தம்பி ராஜாதி ராஜசிங்கன் காலத்தில் நிறைவேறியது. அதாவது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அதன் முன்மண்டபச் சுவர்களில் ஜாதகக் கதைகள் வரையப்பட்டிருக்கின்றன. வெஸ்ஸந்தர மன்னன் கதை அவற்றில் ஒன்று. கேட்டவர்க்கெல்லாம் எல்லாவற்றையும் கொடுத்து, கடைசியில் பெற்ற பிள்ளைகளையும் கொடுத்துவிட்டவன் கதை. நான் முதன்முறை அதைப் பார்த்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. கூட்டிப்போனவர் எங்கள் பக்கத்துத் தோட்டத்துச் சிங்களப் பெரியவர். அவர் ஒரு வார்த்தையும் விளக்கவில்லை. ஒரு பட்டியின் இடது முனையில் என்னை நிறுத்திவிட்டு, நடந்து பார் என்று மட்டும் சொன்னார்.

நடந்தேன். சிவப்புப் பின்னணியில் நீளமான பட்டிகளாகக் கதை ஓடுகிறது. ஒரே மனிதன் திரும்பத் திரும்ப வருகிறான். மாளிகையில் இருக்கிறான், நாலு அடி தள்ளினால் தேரில் போகிறான், இன்னும் நாலு அடியில் காட்டில் நடக்கிறான். ஒரு காட்சியையும் அடுத்ததையும் பிரிப்பது ஒரு மரமாகவோ ஒரு வீட்டுத் தூணாகவோ இருக்கும். நாம் நடக்க நடக்கக் கதையும் நம்மோடு நடக்கிறது. நிழல் இல்லை, தூரத்தில் உள்ளது சிறுக்கும் என்ற கணக்கு இல்லை. மனிதரை வரைந்தால் தட்டையாக, கோட்டுக்குள் அடங்கி, நிம்மதியாக நிற்பார்கள். வெண்களிமண், சாதிலிங்கம், கொறுக்காய் இனத்து மரத்தின் மஞ்சள் பிசின், விளக்குக் கரி. இவ்வளவுதான் அக்காலத்துக் கண்டி ஓவியனின் வண்ணப் பெட்டி.

இந்தச் சுவர்களைப் பார்த்து வளர்ந்த கண்கள் பிறகு கொழும்புக்குப் போயின. அவற்றில் பெரியவை ஜோர்ஜ் கீற்றின் கண்கள்.

கீற் 1901 ஏப்ரல் 17இல் கண்டியில் பிறந்தவர். பறங்கியர் குடும்பம். திருத்துவக் கல்லூரியில் படித்தார். கண்டி வாவிக்கரையில் மல்வத்தை விகாரையின் அருகே வளர்ந்தவருக்குப் பௌத்தத்தின் மீது ஈடுபாடு வந்தது. பறங்கியர் சமூகத்தின் நாகரிக வாழ்க்கையை விட்டு விலகிக் கிராமத்துக்குக் குடிபோனார். எந்தக் கிராமத்துக்கு என்று கேட்டீர்களானால், அமுனுகமைக்கு, பின்னர் சிரிமல்வத்தைக்கு. நாம் நாளாந்தம் பஸ்ஸில் கடந்து போகும் ஊர்களின் பெயர்கள் இவை. அமுனுகமையில் எனக்குத் தெரிந்த ஒரு முதியவர், சிறுவயதில் அவரை வேட்டி கட்டியபடி வயல் வரம்பில் கண்டிருப்பதாகச் சொன்னபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஐரோப்பாவில் பிக்காசோ செய்ததையும், இந்தியக் கோயிற் சிற்பத்தின் வளைவையும், தெகல்தொருவையின் கோடுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் புதிதாக ஒன்றைச் செய்த மனிதர், நாம் நெல் வாங்கும் ஊரில் இருந்திருக்கிறார். ஜயதேவரின் கீத கோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1940இல் வெளியிட்டவரும் அவர்தான்.

அவர் 1939, 40ஆம் ஆண்டுகளில் கொழும்பு பொரளையிலுள்ள கோதமி விகாரையின் உட்சுவர்களை வரைந்தார். புத்தருடைய வாழ்க்கைக் காட்சிகள். கொழும்பில் ஒரே ஓர் இடம் பார்க்க நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் அங்கேதான் அனுப்புவேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் சுவரெங்கும் கோடு. தடித்த, தயக்கமில்லாத, ஒரே மூச்சில் இழுத்தது போன்ற கோடு. பெண்களின் கண்கள் மீனைப் போல நீண்டிருக்கும். ஒரு முகம் இன்னொரு முகத்தின் மேல் சாய்ந்திருக்கும். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று தேட வேண்டும். தெகல்தொருவையின் நிம்மதி அங்கே இல்லை. உலகப் போர் ஆரம்பித்த வருடங்களில் வரைந்த படங்கள் அவை. எனக்கு எப்போதும் அந்தச் சுவர்களில் ஒரு பதற்றம் தெரிகிறது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம். ஆனால் கோட்டைப் பாருங்கள், அது நம் பக்கத்துக் கோடு.

கண்டியிலிருந்து கடற்கரைக்குப் போன இன்னொரு தூரிகை டேவிட் பெயின்ரருடையது. 1900இல் இந்தியாவின் அல்மோராவில் பிறந்து, திருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்தக் கல்லூரித் தேவாலயத்தின் சுவர்களில் அவர் வரைந்த படங்களில் இயேசுவைச் சூழ்ந்திருப்போர் நம் நாட்டு மனிதர்கள். சிலுவைக் காட்சி கண்டற் சதுப்பு ஒன்றில் நடக்கிறது. இயேசுவுக்குத் தாடி இல்லை. அவரே 1968இல் கல்கிசை பரி. தோமாவின் கல்லூரித் தேவாலயத்திலும் ஒரு பெரும் சுவரோவியம் செய்தார். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கடல்.

விகாரை, தேவாலயம் என்று சொல்லிக்கொண்டே போகிறேன். இந்த மண்டபத்தில் சிலர் மனதில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். அதைத் தவிர்த்துவிட்டுப் போவது நேர்மை ஆகாது. முப்பது வருடங்களாகப் பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்வி அது. "மாஸ்டர், புள்ளை உருவம் வரையலாமா?" நான் ஆலிம் இல்லை, தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. பிள்ளைகளிடம் நான் செய்தது இதுதான்: வரைய விரும்பாத பிள்ளையை ஒருநாளும் கட்டாயப்படுத்தவில்லை. அந்தப் பிள்ளைக்குக் கவராயமும் அடிமட்டமும் கொடுத்து, ஒரு வட்டத்திலிருந்து எட்டு முனை நட்சத்திரத்தையும், அதிலிருந்து முடிவில்லாமல் விரியும் பின்னலையும் எடுக்கக் கற்றுக் கொடுத்தேன். அதுவும் குறைந்த கலை இல்லை. அல்ஹம்பிரா மாளிகையைக் கட்டியவர்கள் அதைத்தான் செய்தார்கள்.

அதற்கு நம் கண் முன்னே இருக்கும் பாடம் புறக்கோட்டையில் நிற்கிறது. இரண்டாம் குறுக்குத் தெரு ஜாமிஉல் அல்பார் பள்ளி. சம்மாங்கோட்டுப் பள்ளி என்று வாப்பாமார் சொல்வார்களே, அதுதான். 1908இல் தொடங்கி 1909இல் முடித்தது. வடிவமைத்தவர் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை. முறையாகக் கட்டடக்கலை படித்தவர் அல்லர் என்றும், தென்னிந்திய வியாபாரிகள் கொடுத்த படங்களைப் பார்த்தே அந்த வடிவத்தை எடுத்தார் என்றும் சொல்லப்படுகிறது. சிவப்பும் வெள்ளையுமாக, ஒரு தூணில் வரி குறுக்காக ஓடினால் பக்கத்துத் தூணில் முறுக்கிக்கொண்டு ஏறுகிறது. உச்சியில் மாதுளம்பழம் போன்ற குவிமாடங்கள். துறைமுகத்துக்கு வந்த மாலுமிகள் அதை அடையாளமாகக் கொண்டு கரையைக் கண்டார்கள் என்பார்கள். நாட்டாமைகள் மூட்டை சுமக்கும் தெருவில், காசு கொடுக்காமல், நின்ற இடத்திலிருந்து எவரும் பார்க்கக்கூடிய கலை. பொதுவெளிக் கலை என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான். லுஹர் தொழப் போகும் நாம் தலையை நிமிர்த்தி அந்த வரிகளை எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

நம் கைகள் அந்த நகரத்தில் செய்த இன்னொரு வேலை தேசிய நூதனசாலை. 1877இல் ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்தில் திறக்கப்பட்டது. திட்டம் போட்டவர் ஜேம்ஸ் ஸ்மிதர். கட்டி எழுப்பியவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். திறப்பு விழாவில் ஆளுநர், என்ன பரிசு வேண்டும் என்று கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் கேட்டார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியானாலும், நீண்ட காலம் அது வெள்ளிக்கிழமைகளில் மூடித்தான் இருந்தது. வெள்ளை வெளேரென்ற அந்தக் கட்டடத்தையும் முன்னால் விரிந்த ஆலமரங்களையும் பார்க்கும்போதெல்லாம், அதைக் கட்டிய மரிக்கார் எனக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் இருக்கும்.

உள்ளே பொலன்னறுவையில் கிடைத்த நடராசர் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி ஒரு முழு மாலை பேசலாம். நான் இன்று நிற்க விரும்புவது ஒரு கல்லின் முன்னால். காலி மும்மொழிக் கல்வெட்டு. 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது. சீனப் பேரரசரின் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. அவர் யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தரைப் புகழ்ந்து காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் எனப்படும் தேவந்துறைப் பெருமாளை. பாரசீகப் பகுதி அல்லாஹ்வை. மூவருக்கும் கொடுத்த காணிக்கைப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. பாரசீகப் பகுதிதான் அதிகம் தேய்ந்து போயிருக்கிறது.

என் மாணவி ஒருத்தி அந்தக் கல்லின் முன்னால் நின்று கேட்டாள்: "சேர், அறுநூறு வருசத்துக்கு முன்ன வந்த சீனாக்காரனுக்கே நம்ம பாஷையில எழுதணும்னு தெரிஞ்சிருக்கு. நேத்துப் பார்த்த படத்துக்குக் கீழ ஏன் இங்கிலீஷ் மட்டும் இருந்திச்சு?" அவளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியை அன்றிலிருந்து நான் சுமந்துகொண்டு திரிகிறேன். முந்தின நாள் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போனது ஒரு தனியார் கூடம், பெயர் வேண்டாம். வாசலில் நின்றவர் எங்கள் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையையும் பர்தாவையும் பார்த்து, "இங்கே விற்பனைக்குத்தான் படம், பாடசாலைப் பிள்ளைகளுக்கு இல்லை" என்றார். பிறகு உள்ளேயிருந்து வந்த ஒரு பெண் அவரை விலகச் சொல்லி எங்களை அழைத்துப் போனார். ஆனால் பிள்ளைகள் அதற்குள் சுருங்கிவிட்டார்கள். நாற்பது பேரும் சுவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நடந்தார்கள். படம் பார்க்கப் பயந்த பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால்தான் இன்று பெற்றோரிடம் அழுத்திச் சொல்கிறேன். கொழும்புக் கூடங்களில் பெரும்பாலானவற்றில் நுழையக் காசு இல்லை. வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காலி வீதியில் பெயர்ஃபுட் கூடம், ஹோட்டன் பிளேஸில் சஸ்கியா பெர்னாண்டோ கூடம் என்று பல இடங்களில் இன்றைய ஓவியரின் வேலைகளைப் பார்க்கலாம். கூச்சத்தை வாசலில் செருப்போடு விட்டுவிட வேண்டியதுதான்.

லயனல் வென்ட் மையத்தையும் பார்க்க வேண்டும். வென்ட் வழக்கறிஞர், பியானோ வாசிப்பவர், எல்லாவற்றுக்கும் மேலாக ஒப்பற்ற ஒளிப்படக் கலைஞர். 1943 ஆகஸ்ட் 29இல் அவர் வீட்டில் கூடிய ஓவியர்கள்தாம் 43 குழு என்று பெயர் பெற்றார்கள். கீற், ஜஸ்ரின் தெரணியகல, ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜோர்ஜ் கிளாசன், ரிச்சர்ட் கேப்ரியல், முன்னாள் பிக்குவான மஞ்சுஸ்ரீ. பிரித்தானியர் கற்பித்த நகல் ஓவியத்தை விட்டுவிட்டு, உலகத்துப் புதுமையையும் இந்த மண்ணையும் சேர்த்துப் பார்த்தவர்கள். மறுவருடமே வென்ட் காலமானார். அவர் வீடு இருந்த இடத்தில்தான் 1953இலிருந்து அந்த அரங்கம் நிற்கிறது. பான்ஸ் பிளேஸில் ஹரி பீரிஸின் வீடு சபுமல் மன்றமாக இருக்கிறது. ஓட்டுக் கூரை வீடு, அறை அறையாகப் படங்கள். கூடம் என்ற எண்ணமே வராது. பெரியப்பா வீட்டுக்குப் போனது போலிருக்கும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளை நான் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன்.

கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். தந்தை வழிப் பாட்டனார் காலி முஸ்லிம். கட்டடத்துக்குள் கலையையும் சேர்த்தே நினைத்தவர். பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலின் வரவேற்பு மண்டபக் கூரையை முழுவதும் பத்திக் துணியால் நிரப்பினார். அந்தப் பத்திக்கைச் செய்தவர் ஏனா டி சில்வா. அவர் பின்னர் தம் ஊரான மாத்தளை அலுவிகாரைக்குத் திரும்பி வந்து, கிராமத்துப் பெண்களை வைத்துப் பத்திக், தையல் வேலைகளைச் செய்வித்தார். பார்த்தீர்களா, கடற்கரை ஹோட்டலின் கூரைக்கும் வேர் இந்தப் பக்கத்து மலையில்தான்.

இனி ஒரு வீதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழையவர்கள் கிறீன் பாத் என்பார்கள். இன்று அதன் பெயர் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. தேசிய கலைக்கூடம் அதில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் விகாரமகாதேவிப் பூங்கா. ஆனந்த குமாரசுவாமியின் தந்தை சேர் முத்து குமாரசுவாமி, கொழும்புத் தமிழர். தாய் ஆங்கிலேயப் பெண்மணி. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லில் கட்டுவித்த பொன்னம்பலம் இராமநாதன் அவருக்கு அத்தை மகன். கனிமவியல் ஆய்வுக்காக இந்த நாட்டில் ஊர் ஊராக அலைந்தவர், கல்லைத் தேடிப் போன இடங்களில் கண்டி நாட்டுக் கைவினைஞரைக் கண்டார். ஓவியர், தச்சர், தட்டார், பாய் நெய்பவர் எல்லோரிடமும் உட்கார்ந்து கேட்டு எழுதி, 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். நம் பக்கத்து ஓவியர்களின் வேலை உலகத்துக்குத் தெரிந்தது அந்தத் தமிழ் மகனுடைய எழுத்தால். அவர் பெயர் தாங்கிய வீதியில் வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கலாபொல கூடுகிறது. 1993இல் ஜோர்ஜ் கீற் மன்றம் தொடங்கிய ஓவியச் சந்தை. கீற் காலமானதும் அதே வருடம், ஜூலையில்.

கலாபொலவை நான் சந்தை என்று சொல்வதில் குறைவாக எதுவும் இல்லை. வத்தேகமைப் பொலவில் மரக்கறிக்காரர் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பது போலவே, மரத்தடியில் ஓவியர் தம் படங்களைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருப்பார்கள். எப்படி வரைந்தீர்கள், இந்த நீலம் எங்கே வாங்கினது என்று அவரிடமே கேட்கலாம். என்னிடம் படித்த ஒருவன் அங்கே முதல் தடவையாகத் தன் படங்களோடு உட்கார்ந்திருந்த நாளில் நானும் போயிருந்தேன். மத்தியானம் வரைக்கும் எதுவும் விற்கவில்லை. நான் அருகில் போனால் அவன் வெட்கப்படுவான் என்று எதிர்ப் பக்கத்து மரத்தடியில் நின்றேன். மூன்று மணிக்குப் பக்கமாக ஒரு சின்னப் பெண் தாயின் சேலைத் தலைப்பை இழுத்து அவனுடைய ஒரு படத்தின் முன்னால் நிறுத்தினாள். நம் பஸாரின் மழைக்காலப் படம். அவர்கள் வாங்கவில்லை, ஆனால் அரைமணி நேரம் நின்று பார்த்தார்கள். அன்று மாலை பஸ்ஸில் அவன் வாய் ஓயவில்லை. விற்பனையைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை, அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் கண்டி வரைக்கும்.

என் மாணவியின் கேள்விக்கு ஒரு பதில் பிறகு வந்தது. 2019 டிசம்பரில் கொழும்பில் இலங்கை நவீன, சமகாலக் கலை நூதனசாலை தொடங்கியது. ஷர்மினி பெரேரா தொகுத்த முதற் காட்சி. பின்னர் காலி வீதியில் கிறெஸ்கற் கட்டடத்துக்கு வந்தது. அங்கே ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் விளக்கம் இருக்கிறது. ஒப்புக்குப் போட்ட மொழிபெயர்ப்பு இல்லை. வாசித்தால் விளங்குகிற தமிழ். முதல் முறை அதன் முன்னால் நின்றபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த மாணவிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். இப்போது அவளும் ஆசிரியை.

தமிழில் யோசித்துச் செய்த கலையைப் பற்றியும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும். யாழ்ப்பாணத்து தா. சனாதனன் 2011இல் ஒரு தோம்பு செய்தார். தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ் பேசும் 80 பேரிடம் அவர்கள் விட்டு வந்த வீட்டை நினைவிலிருந்து வரையச் சொன்னார். கிணறு இங்கே, முருங்கை இங்கே, உம்மா படுக்கும் அறை இங்கே. ஒவ்வொன்றுக்கும் கட்டடக் கலைஞர் போடுவது போன்ற வரைபடம், பிறகு சனாதனனுடைய சித்திரம். அந்தப் புத்தகத்தை நான் புரட்டியபோது, 1990இல் வடக்கிலிருந்து கையில் ஒரு பையோடு புத்தளத்துக்கு வந்து சேர்ந்த நம் மக்கள் நினைவுக்கு வந்தார்கள். மலையகத்து ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைக் கறையையே வண்ணமாக்கி வேலை செய்கிறார். தேயிலைத் தூசி படிந்த காற்றில் வளர்ந்த நமக்கு அதைப் பார்க்க விளக்கவுரை தேவையில்லை.

சுவர்களுக்கு வருகிறேன். இந்தப் பேச்சில் எனக்கு மிகவும் கனமான இடம் இதுதான்.

2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த சில நாட்களில் நாடெங்கும் இளைஞர்கள் தூரிகையோடு வீதிக்கு வந்தார்கள். கொழும்பிலும் கண்டியிலும் சின்னச் சின்ன ஊர்களிலும் அழுக்கு மதில்கள் வெள்ளையடிக்கப்பட்டு ஓவியங்கள் எழுந்தன. யாரும் அவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. சித்திர ஆசிரியன் என்ற முறையில் என் மனம் துள்ளியது. வாழ்நாளெல்லாம் நான் ஆசைப்பட்ட காட்சி அது. பிறகு நின்று பார்த்தேன். வயல், குளம், யானை, பறவை அழகாக இருந்தன. இன்னும் பல சுவர்களில் வாளேந்திய அரசர்களும் துப்பாக்கியோடு நிற்கும் படைவீரர்களும். 2018 மார்ச்சில் திகனையில் கடைகள் எரிந்த இரவுகளைக் கடந்து வந்த நமக்கு, நாம் தினமும் நடக்கும் பாதையில் அந்தப் படங்கள் என்ன சொல்லின என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வரைந்த பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. அவர்களிடம் திறமையும் இருந்தது, உழைப்பும் இருந்தது. அந்தச் சுவரைக் கடந்து யார் யார் போகிறார்கள் என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களும் நம்மிடம் கேட்கவில்லை. கூடத்துப் படம் பிடிக்கவில்லை என்றால் போகாமல் இருக்கலாம். வீதிச் சுவரைப் பார்க்காமல் வீட்டுக்குப் போக முடியாது.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதைக் கொழும்பின் கொம்பனித்தெருவில் பார்த்தேன். மலாயர், முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் நெருக்கியடித்து வாழும் பழைய பகுதி. நாலு பக்கமும் மாடிக் கட்டடங்கள் முளைத்து, குடும்பங்கள் வீட்டை இழந்துகொண்டிருந்த நேரம். அங்கேயே வளர்ந்த ஓவியர் ஃபிரி ரஹ்மான், விக்கி ஷாஜஹான், பரிலோஜிதன் ராமநாதன் ஆகியோர் 2018இல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள், நாங்கள் இங்கேயே உள்ளவர்கள் என்பது. அயலவர் கதைகளைக் கேட்டார்கள், எழுதினார்கள், தெருச் சுவர்களில் வரைந்தார்கள். முதலில் கேட்டார்கள், பிறகுதான் வரைந்தார்கள். அந்த வரிசைதான் எனக்கு முக்கியம். அங்கே ஒரு சந்தில் வீட்டுப் படியில் உட்கார்ந்து இடியப்பத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, சுவரைக் காட்டி, "அது நம்ம தெரு, தம்பி" என்றார். படத்தைச் சொன்னாரா, தெருவைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

பிறகு 2022 வந்தது. எரிவாயு வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, இருட்டு. ஏப்ரல் 9 முதல் காலிமுகத்திடலில் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்துக் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். ரமழான் மாதம். நான் ஒரு நாள் போய் அங்கேயே நோன்பு திறந்தேன். பேரீச்சம்பழத்தை நீட்டியவர் ஒரு பிக்கு. திடலெங்கும் கலை. தகரத்தில், மட்டையில், கிழிந்த படங்குத் துணியில், தார்ச்சாலையில். நூலகம் ஒன்று இருந்தது. பிள்ளைகள் வரைய ஓர் இடம் இருந்தது. சில படங்கள் பக்குவமானவை, பல அவசரத்தில் செய்தவை. மழை பெய்தால் வண்ணம் ஓடிவிடும், மறுநாள் வேறொருவர் அதன் மேல் வரைவார். மூன்று மொழியிலும் எழுத்துகள், எழுத்துப் பிழைகளோடு. பிழையான தமிழை அவ்வளவு மகிழ்ச்சியோடு நான் வேறெங்கும் வாசித்ததில்லை; தமிழ் தெரியாத ஒரு பிள்ளை யாரிடமோ கேட்டு எழுதியிருக்கிறாள் என்பதற்கு அதுவே சாட்சி. ஓகஸ்டுக்குள் கூடாரங்கள் போய்விட்டன. ஓவியங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. கடற்காற்றுக்கும் உப்புக்கும் மத்தியில் அவை நாலு மாதம் நின்றதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தெகல்தொருவையின் வண்ணம் இருநூறு வருடங்களுக்கு மேல் நின்றிருக்கிறது, பாறையின் நிழலில்.

நேரமாகிவிட்டது, மஃரிபுக்கு முன் முடிக்க வேண்டும். ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன்.

நம் பாடசாலைச் சுற்றுலா வருடா வருடம் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கும், கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும், கடற்கரைக்கும் போகிறது. அவற்றில் எதையும் குறைக்க வேண்டாம். அடுத்த தவணையில் தனியாக ஒரு பஸ் ஒழுங்கு செய்திருக்கிறோம். இந்த அறக்கட்டளைதான் செலவை ஏற்கிறது. காலை ஆறு மணிக்கு முதலில் தெகல்தொருவைக்குப் போகும்.  பிள்ளைகள் அந்த முன்மண்டபத்தில் இடது முனையிலிருந்து நடந்து பார்க்கட்டும். பிறகு கொழும்பு: கோதமி விகாரை, நூதனசாலையில் அந்தக் கல், சபுமல் மன்றம், கிறெஸ்கற், மாலையில் சம்மாங்கோட்டுப் பள்ளி. அஸர் தொழுகை அங்கே. மொத்தம் 42 ஆசனங்கள். உம்மாமாரும் வரலாம், வர வேண்டும். பிள்ளைக்குப் பென்சிலும் ஒரு மட்டைத் தாளும் நாங்கள் தருவோம், அந்தத் துணிக்கடைக்காரர் அனுப்பியது போன்ற தாள். பெயர் கொடுக்க விரும்புவோருக்காக வாசலில் என் மகள் கொப்பியோடு உட்கார்ந்திருக்கிறாள்.